மணப்பெண்ணுக்கும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பகுதியில் கண்டி நாயக்க மன்னர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மன்னர்களின் பெயர், ஆட்சியாண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. மதுரையிலிருந்து வந்த மணப்பெண்கள் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் நாயக்க வம்சமே ஏது? 1739இல் கண்டி மன்னர் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறக்க, அரியணை ஏறியவர் அவருடைய மதுரை அரசியின் சகோதரர்தானே.

பெண் கொடுத்த வீட்டுக்கு அரியணை கிடைத்தது. பெண்ணுக்கு என்ன கிடைத்தது? மொழி வேறு, வழிபாடு வேறு. பிள்ளை பிறக்கவில்லையென்றால் அரண்மனையில் அவள் நிலை என்ன? 1815இல் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டபோது அரசியரும் பிடிபட்டனர். அடுத்த ஆண்டு அவர்களைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். தமிழ் மண்தான், ஆனால் பிறந்த வீடு அல்ல, கோட்டைச் சிறை.

வன்னிப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் உண்டு. இலங்கையின் முதல் மன்னன் எனப்படும் விஜயனை மணக்க மதுரையிலிருந்து வந்த பாண்டிய இளவரசி மாதோட்டத் துறையில் இறங்கியதாகப் பழைய பாளி நூலான மகாவம்சம் சொல்கிறது. அது கதையாகவே இருக்கட்டும். வவுனியாவில் பஸ் ஏறினால் அந்தத் துறை இருந்த மாந்தைக்குப் போய்விடலாம். அவளுக்காகத் துரத்தப்பட்ட, விஜயனின் முதல் மனைவி குவேனிக்காக இரங்க ஆள் இருக்கிறது (இரங்கத்தான் வேண்டும்). முன்பின் காணாத ஒருவனுக்காகக் கடல் கடந்து வந்தவளை யார் நினைக்கிறார்கள்?

அடுத்த கட்டுரையில் இந்த அரசியருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். மன்னர் பட்டியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெடுங்கேணி.