திருப்பணி நிறைவு அறிக்கை: மடத்து முதியோர் இல்லக் குளியலறை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

கோயில் மடத்தில் நடக்கும் எங்கள் முதியோர் இல்லத்தின் குளியலறை வேலை முடிந்துவிட்டது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் முடித்துத் தருவோம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லியிருந்தோம். 25 நாள் திருவிழாவும் முடிந்த பிறகுதான் தொட்டியில் தண்ணீர் நின்றது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கீழே சொல்கிறோம். வரவு செலவு விபரம் அலுவலக அறிவித்தல் பலகையில் தனியாக ஒட்டப்பட்டிருக்கிறது. இங்கே சுவருக்குள் இருப்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம். மாபிள் ஒட்டிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. உங்கள் காசில் பெரும்பங்கு போனதும் அங்கேதான்.

கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளிக் குளித்துப் பழகியவர்கள் எங்கள் முதியவர்கள். முழங்கால் விட்டுப்போன பிறகு அது முடியவில்லை. கனடாவில் இருக்கும் அங்கத்தவர் ஒருவர் 60 அங்குல நீளம், 30 அங்குல அகலமுள்ள குளியல் தொட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். அந்த மாதிரித் தொட்டி மூன்று பக்கச் சுவருக்குள் பொருந்தி நிற்க வேண்டியது. அதன் மூன்று ஓரத்திலும் மேல்நோக்கி ஒரு மடிப்பு இருக்கும், அந்த மடிப்பைச் சுவரின் மரச்சட்டத்தில் பிடித்து இறுக்க வேண்டும்.

மடத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர். குழாய்க்காகக் கொத்தத் தொடங்கினால் உளி பட்ட இடமெல்லாம் பொருபொருவென்று உதிரும். கைப்பிடிக்கு ஆணி அடித்தாலும் பிடிப்பு இருக்காது. அதனால் பழைய சுவரைத் தொடாமல், அதற்கு முன்னால் மரச்சட்டச் சுவர் ஒன்றை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். கல்லாலேயே கட்டிவிடலாம் என்று மேசனார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கைப்பிடியின் பலம்தான் எங்களுக்கு முக்கியம்.

கூரை பிரித்தபோது எடுத்த பனைச் சலாகை மடத்தில் நிறையக் கிடந்தது. அதை மரவேலை செய்த ஓடாவியார் ஏற்கவில்லை. பனை வைரம் பாய்ந்தது, உறுதியில் குறையில்லை, ஆனால் சட்டத்துக்கு நேரான முகம் வேண்டும், ஒரு நூல் வளைந்தாலும் மாபிளில் தெரியும் என்றார். நன்றாகக் காய்ந்த வேப்பமரத்தில் இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் இழைத்தோம். கறையான் வேம்பை இலேசில் தொடாது. இருந்தும் அடிச்சட்டத்துக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்து, மருந்தும் பூசினோம். நிலைச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. பழைய சுவர் நடுவில் முக்கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. தூக்குக்குண்டு பிடித்து, சட்டத்துக்குப் பின்னால் ஆப்பு வைத்து வைத்து நிமிர்த்தினோம். மூலைமட்டம் பார்க்க மட்டும் ஒரு முழு நாள் போனது.

தாமதத்துக்கு வருவோம். அது முழுக்க எங்கள் பிழை. தொட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே, அளவுத் தாளை மட்டும் வைத்துச் சட்டத்தையும் கழிவுக் குழாயையும் முடித்துவிட்டோம். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் தொட்டியின் கழிவுத் துளை இடப்பக்கம், நாங்கள் குழாய் புதைத்தது வலப்பக்கம். வெளியே நின்று தொட்டியைப் பார்க்கும்போது துளை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். குழாய் வரும் குறுஞ்சுவரைக் கழற்றி மறுபக்கம் நிறுத்தினோம், நிலத்தைத் திரும்பவும் வெட்டினோம். தொட்டி கைக்கு வந்த பிறகுதான் சட்டத்தில் கைவைக்க வேண்டும் என்று ஓடாவியார் முதல் நாளே சொன்னார். கேட்காதது நாங்கள்.

அறையின் நீளம் 86 அங்குலம். தொட்டிக்கு 60, இரு முனைச் சட்டத்துக்கும் நாலு நாலு போக 18 அங்குலம் மிஞ்சியது. அதைக் குழாய்ப் பக்கத்து அலுமாரியாக்கிவிட்டோம். கதவைத் திறந்தால் பொருத்துகள் எல்லாம் கைக்கு எட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம், பொருத்துகளை அடிக்கடி கழற்ற வேண்டி வரும். அதற்காக மாபிளை உடைக்கத் தேவையில்லை.

கைப்பிடி விசயத்தில்தான் நாங்கள் கூடிய நேரம் செலவழித்தோம். நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பது வழக்கமான உயரம். எங்கள் ஆச்சிமாருக்கு அது சரியா? தொட்டியைச் சட்டத்துக்குள் வைத்து, ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக விளிம்பில் இருத்தி, கை தானாகப் போகும் இடத்தில் சோக்கால் கோடு போட்டோம். நின்று பிடிக்கும் கோடு ஓரிடத்தில் வந்தது, இருந்து எழும்பப் பிடிக்கும் கோடு வேறிடத்தில், விளிம்புக்கு 9 அங்குலம் மேலே. இரண்டு இடத்திலும் நிலைச்சட்டங்களுக்கு நடுவே அகலமான இடைக்கட்டை அடித்திருக்கிறோம். கைப்பிடி 113 கிலோ தாங்க வேண்டும் என்பது கணக்கு.

தொட்டியின் ஓரத்தைத் தாங்கும் சட்டத்தை நீர்மட்டம் வைத்து அடித்தோம், அடியில் சீமெந்துச் சாந்து போட்டு இருத்தினோம். சீமெந்துப் பலகையை மடிப்புக்கு மேலாக இறக்கி, தொட்டி விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு நிறுத்தினோம். அந்த இடைவெளியை அடைக்கச் சிலிக்கன் பூசுவதற்கு முன்னர் தொட்டியை நிரப்பினோம். 150 லீற்றர் தண்ணீர் என்றால் 150 கிலோ பாரம். பாரத்தோடு தொட்டி கொஞ்சம் தணியும். வெறும் தொட்டியில் பூசினால் முதல் குளிப்பிலேயே அந்த இடம் பிளந்துவிடும்.

தொட்டியில் முதலில் உட்கார்ந்து பார்த்தது எங்களில் மூத்த ஆச்சி. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, உது கழண்டு வராதே?" என்றார். "இல்லையணை ஆச்சி, நான் தொங்கிப் பாத்தனான்" என்றார் ஓடாவியார். உண்மையாகவே தொங்கித்தான் பார்த்தார், நாங்களும் நின்று பார்த்தோம்.

பலகை அடிக்கும் முன்னர் மூன்று சுவரையும் அளவுநாடா பிடித்துப் படமெடுத்தோம். எந்தச் சட்டம் எங்கே, எந்தக் குழாய் எங்கே என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருக்கிறது. அவற்றின் பிரதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. சுவரில் எதையாவது துளைக்கப் போகிறவர் முதலில் அதைத் திறந்து பார்க்கவும். சிலிக்கனை ஒவ்வொரு மாரிக்கு முன்னரும் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த வருடம் அதைப் பொறுப்பெடுக்க ஒருவர் தேவை. விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

நிர்வாக சபை