பூசுவது இருக்கட்டும், துடைப்பது எப்படி?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு உன் கையெழுத்து கொஞ்சம் தெளிந்திருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் நீ எழுதியதையெல்லாம் என் வீட்டுக்காரி மருந்துச் சீட்டு என்றுதான் சொல்வாள். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நடைப்பயிற்சியை மட்டும் விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். என் பக்கத்துச் செய்தி, கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது தோட்டாக் கூட்டின் கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட வாசிப்புக் கண்ணாடியிலேயே தெரிகிறது. மருத்துவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அவர் சந்தோஷப்பட்ட காரணம் வேறு.

சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்ப உரிமமெல்லாம் கைக்கு வந்து, பிரஸ்ஸையும் மேசையில் முடுக்கிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் ஐந்தாறு கேஸ் லூப்களின், அதாவது தோட்டாக் கூட்டில் (கேஸில்) பூசும் வழவழப்புப் பொருட்களின், பெயரை வரிசையாக எழுதி, இதில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: பூசியதை நீ எப்படித் துடைத்து எடுக்கப் போகிறாய்? அதை முடிவு செய்துவிட்டால் உன் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப் போகும். வழவழப்பைப் பொறுத்தவரை நல்ல பெயர் எடுத்த எல்லா லூப்களுமே வேலை செய்யும். துடைப்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம்.

முதலில் இது எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுடும்போது பித்தளைக் கேஸ் ஊதி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. பிரஸ்ஸில் மாட்டும் சைசிங் டை என்கிற அச்சு அதைப் பிழிந்து பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது. பித்தளை மெத்தென்ற உலோகம், டையோ கெட்டி எஃகு. நடுவில் ஒரு படலம் இல்லாவிட்டால் பித்தளை எஃகில் அப்பிக்கொள்ளும். நீ கைப்பிடியைத் திருப்பி இழுக்கும்போது கேஸ் வராது, விளிம்பு மட்டும் பிய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரோடு வரும். கேஸ் டைக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்க, கேஸின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்கான துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கி, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டும். அதற்கென்றே ‘ஸ்டக் கேஸ் ரிமூவர்’ என்று ஒரு கருவி விற்கிறார்கள். விற்கிற அளவுக்கு அது சகஜம் என்று புரிந்துகொள்.

நீ பிஸ்டலுக்கும் ரைபிளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல. கழுத்து ஒடுங்காமல் நேராக இருக்கும் பிஸ்டல், ரிவால்வர் கேஸ்களுக்குக் கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளில் வளையம் வைத்த டை கிடைக்கிறது. அதில் லூப் இல்லாமலே ஓட்டலாம். 9 எம்.எம். கேஸ் லேசாகக் கூம்பியிருக்கும், அதனால் கை கொஞ்சம் கனமாகத் தெரியும். பத்துக்கு ஒன்றில் லேசாகத் தடவினாலே கைப்பிடி இறங்குவது மாறிவிடும். ஆனால் கழுத்து ஒடுங்கிய ரைபிள் கேஸ் என்றால், டை கார்பைடாகவே இருந்தாலும் லூப் வேண்டும். 30 கார்பைன் மாதிரி நேராகத் தெரிகிற சிலதுக்கும் வேண்டும். கார்பைடு என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று நம்பி 308 ரைபிள் கேஸை வெறுமனே உள்ளே தள்ளிவிடாதே.

இனி வகைகளுக்கு வருகிறேன்.

மெழுகு மாதிரி டப்பாவில் வருவது ஒன்று. இம்பீரியல் சைசிங் டை வேக்ஸ் அந்த வகைக்குப் பெயர் போனது. விரல் நுனியில் தொட்டால் போதும், அள்ள வேண்டியதே இல்லை. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கேஸை உருட்டினால், பித்தளையில் மூச்சு பட்டாற்போல ஒரு மங்கல் தெரியும். அவ்வளவுதான் அளவு. ஒரு தொடுதலில் பல கேஸ் ஓடும். ஒரு சின்ன டப்பா வருஷக்கணக்கில் வரும். நிதானமாக, ஒரு உட்காருதலில் கொஞ்சம் கேஸ் மட்டும் செய்கிறவனுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எவ்வளவு பூசியிருக்கிறோம் என்பது விரலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். துடைப்பதும் சுலபம், ஒரு பழைய பருத்தித் துணியில் கேஸை ஒரு திருகு திருகினால் போதும்.

அடுத்தது லனோலின். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு அது, தோல் கிரீம்களில் போடுவார்களே, அதேதான். திரவ லனோலினை 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, பீய்ச்சும் புட்டியில் ஊற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பங்கு லனோலினுக்கு பத்திலிருந்து பன்னிரண்டு பங்கு ஆல்கஹால் என்பது பொதுவான கலவை. கடையில் விற்கும் பீய்ச்சும் லூப்களில் சிலவும் இதே லனோலின்தான். முதலுதவிப் பெட்டியில் இருக்கிறதே என்று 70 சதவீத ஆல்கஹாலை எடுக்காதே. அதில் தண்ணீர் இருக்கிறது, லனோலின் ஒழுங்காகக் கரையாது, காயவும் நேரமாகும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியிலோ பையிலோ கேஸ்களைக் கொட்டி, இரண்டு மூன்று பீய்ச்சல் அடித்து, குலுக்கி, ஆல்கஹால் பறக்கும் வரை காத்திரு. காத்திருப்பதுதான் முக்கியம். ஈரம் இருக்கும்போதே டைக்குள் விட்டுவிட்டு, லூப் சரியில்லை என்று திட்டுகிறவர்கள் உண்டு. வேலை செய்வது ஆல்கஹால் இல்லை, அது போன பிறகு மிஞ்சும் மெல்லிய படலம். இன்னொன்று, ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்போ ஹீட்டரோ வேண்டாம். வெடிமருந்து டப்பாவும் அந்த நேரத்தில் மேசையில் இருக்கக் கூடாது.

நூற்றுக்கணக்கில் கேஸ் செய்கிறவனுக்கு லனோலின் அருமை. ஆனால் அது காய்ந்து மறைந்துவிடாது, பிசுபிசுவென்று நின்றுவிடும். ஒவ்வொன்றாகத் துணியில் துடைப்பது அத்தனை கேஸுக்குக் கட்டுப்படியாகாது. கேஸ்களைப் போட்டு உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ப்ளர் இயந்திரம் இருந்தால் சோளத் தக்கைத் தூளில் அரை மணி நேரம் ஓடவிடலாம். பிறகு பிரைமர் குழியிலும் துளையிலும் தூள் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். உன்னிடம் டம்ப்ளர் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்.

தண்ணீரில் கரைகிற வகையும் உண்டு. ஆர்.சி.பி.எஸ். கேஸ் லூப்-2 மாதிரி திரவத்தை ஒரு பஞ்சுத் தட்டில் ஊற்றி, கேஸ்களை அதில் உருட்டுவார்கள். லீ கம்பெனியின் வெள்ளைப் பசையைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கரைத்தும் பூசலாம், காய்ந்த பிறகும் வேலை செய்யும். இவற்றைச் சுடுதண்ணீரில் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். அந்தப் பஞ்சுத் தட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. திறந்தே கிடந்து தூசியும் மண் துகளும் ஏறிக்கொள்ளும். ஒரு துகள் டைக்குள் போனால் அது போட்ட கோடு அப்புறம் வரும் ஒவ்வொரு கேஸிலும் விழும். தட்டு வாங்கினால் மூடியோடு வாங்கு, கேஸை முதலில் சுத்தம் செய்த பிறகே உருட்டு. கழுவிய கேஸ் உள்ளே முழுசாக உலர வேண்டும் என்பதும் உண்டு. வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் ஒரு சொட்டு தங்கியிருக்கும்.

கழுவுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மோனியா கலந்த பாலிஷையோ துப்புரவுத் திரவத்தையோ கேஸுக்குப் பக்கத்தில் கொண்டுவராதே. கேஸ் பித்தளை என்பது சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். இழுவிசை உள்ளே தங்கிய அந்தப் பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் கேஸ்கள் சுடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் சரியாக விளங்கியது. லூப்பைத் துடைக்கப் போய் கேஸைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டார் ஆயில், துரு எடுக்கிற ஸ்பிரே, வாசலின் இதையெல்லாம் விட்டுவிடு. மெல்லிய எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும், படலம் நிற்காது. கெட்டியாக அப்பினால் வேறு சங்கடம்.

அளவு என்பதை நீ கடிதத்தில் கேட்கவே இல்லை. ஆனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு அங்கேதான் வழுக்குகிறது. குறைந்தால் சிக்கும் என்று பயந்து அதிகமாகப் பூசுவார்கள். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. டைக்குள் மிச்ச லூப்புக்குப் போக இடம் இல்லாவிட்டால் அது பித்தளையைத்தான் உள்ளே தள்ளும். வெளியே எடுத்துப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தோள்பட்டைச் சரிவில் நகத்தால் அழுத்தியது போல் ஒரு பள்ளம் இருக்கும். சின்னப் பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானாக நிமிர்ந்துவிடும். மடிப்பு விழுந்தாற்போல் கூர்மையாக இருந்தால் அந்த கேஸைத் தூக்கிப் போடு. லூப் வேண்டியது உடம்புக்கு, குறிப்பாக அடிப்பக்கத்துக்கு. பிழிவு அங்கேதான் அதிகம். தோளுக்கு விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதே போதும். டையின் பக்கத்தில் காற்றுத் துளை இருந்தால் அது அடைபட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்.

கழுத்துக்கு உள்ளேயும் கொஞ்சம் வேண்டும். கழுத்தை உள்ளிருந்து விரித்துச் சரியாக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது காய்ந்த கழுத்தில் ‘கிறீச்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து இழுபடுகிறது, நீளுகிறது, கோணலாகவும் போகலாம் என்று அர்த்தம். அதற்கு மைக்காவோ கிராஃபைட்டோ மாதிரி உலர் தூளை நைலான் பிரஷ்ஷில் தொட்டு, மூன்று நான்கு கேஸுக்கு ஒரு தடவை விட்டு எடுத்தால் போதும். பிசுபிசுப்பு உள்ளே போனால் வெடிமருந்துத் துகள் கழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நான் முதலில் கேட்ட துடைப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது வெறும் சுத்தத்துக்காக இல்லை. சுடும்போது கேஸ் அறைச் சுவரைப் பிடித்துக்கொள்வதால் பின்னோக்கி வரும் விசையில் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது. கேஸில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்து, துப்பாக்கி அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட்டின் மேல் விழும் விசை கூடும். வெடிமருந்தும் பிரைமரும் எண்ணெய்க்கு ஆகாதவை. விரலில் லூப் இருக்கும்போது பிரைமரைத் தொடாதே. சைசிங் முடிந்ததும் கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, அதன் பிறகே பிரைமர் பெட்டியைத் திறப்பது என் வழக்கம். கையைக் கழுவுவது பிரைமருக்காக மட்டுமில்லை. சுட்ட கேஸின் கரியில் ஈயம் இருக்கும்.

ஆக, உனக்கு என் யோசனை மெழுகு டப்பாதான். உனக்குப் பொழுது இருக்கிறது, அவசரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய கேஸ் மட்டும்தான் செய்வாய். உன் மகன் வந்து மொத்தமாக அடிக்க ஆரம்பித்தால் அவன் லனோலின் புட்டியையும் டம்ப்ளரையும் அவனே வாங்கிக்கொள்ளட்டும். புது டை என்றால் உள்ளே துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும், முதலில் அதைத் துடைத்துவிடு. முதல் கேஸுக்கு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தடவு, டைக்கும் ஒரு பூச்சு வேண்டும். கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தால் அங்கேயே நிறுத்தி, பின்னால் எடுத்து, தடவிவிட்டு மறுபடி விடு. உடம்புப் பலத்தைக் காட்டாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பிஸ்டல் டையின் வகை என்ன என்று நீ எழுதவில்லை. பெட்டியைப் பார்த்து, கார்பைடு என்று இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. பேரனைக் கேட்டதாகச் சொல். மேசை இழுப்பறைக்குப் பூட்டு போட்டாயா?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி