செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நமது நாணயச் சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நாகர்கோவிலில் நடைபெற்றன. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை சென்றுவந்தோம். பள்ளிக் கண்காட்சியில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பழைய நாணயங்களான சக்கரங்களையும் காசுகளையும் வைத்தோம். மாணவர்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள்.

இனி, அச்சுப்பிழை நாணயங்களை, அதாவது நாணயச்சாலையில் தயாராகும்போதே தவறிப்போனவற்றை, அடையாளம் காணும் பயிற்சி. இது தேவைதானா என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். மேசைக்கு வந்த நாணயங்களைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலானவை தண்டவாளத்தில் நசுங்கியவை, அமிலத்தில் ஊறியவை. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் நேர்ந்ததெல்லாம் சேதம்தான், பிழை அல்ல. சேதத்துக்கு விலை கிடையாது.

விளிம்பில் பிறை வடிவில் குறைந்த இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் ஒரே நாளில் வந்தன. மார்த்தாண்டத்து உறுப்பினர் கொண்டுவந்ததில், குறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கிக் கரைந்திருந்தது. உலோகத் தகட்டில் நாணயத்துக்கான வில்லை வெட்டும்போது முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டு விழுந்தால் இந்தக் குறை வரும். விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் குறைக்கு எதிர்ப்பக்கம் அழுத்தம் சரியாகப் படாது. மற்றதில் எதிர் விளிம்பு முழுதாக இருந்தது. லென்ஸில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு போனார். நான் என்ன செய்ய?

நம் நாட்டு நாணயத்தைப் புத்தகத்தின் பக்கம்போல் புரட்டினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக நின்றால் விலைக்குக் கேட்க ஆள் உண்டு. சற்றே சாய்ந்திருந்தால் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கலாம். முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்ததில் அதே உருவம் இடவலம் மாறிக் குழியாகப் பதிந்தது கிடைத்தால் மட்டும் என்னிடம் ஓடி வாருங்கள். பிழை எவ்வளவு பெரிது, நாணயம் எவ்வளவு தேயாதது, வாங்க எத்தனை பேர் என்பதில்தான் விலை. லட்சம் பெறும் என்று பேசப்படும், வைஷ்ணவ தேவி உருவம் பதித்த 5 ரூபாய் பிழையும் அல்ல, அரிதும் அல்ல. பழைய நாணயத்தை விற்றுத்தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. அதன் பிறகும் லட்சம் கனவு தீரவில்லை.

அந்தக் கனவோடு பயிற்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் பலர் சந்தா கட்டாதவர்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறேன். மற்ற மாதங்களில் நாற்காலிகளுக்குத்தான் வரவேற்புரை சொன்னேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தராசும் லென்ஸும் என் செலவில் வாங்கியவை, அதைக் கணக்கில் கேட்கப்போவதில்லை. இடம் தந்த பள்ளிக்கும் தேநீர் தந்த உறுப்பினர்க்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறொருவர் இப்பொறுப்பை ஏற்றால் மகிழ்வேன். யாரும் முன்வராவிட்டால் பயிற்சியைத் தொடர எனக்குத் தடையில்லை. ஆனால் புதிய விலைப்பட்டியல் புத்தகம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். தேநீரும் அங்கேதான்.