அது அலெக் கின்னஸ் இல்லீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் சினிமா பக்கத்துல "ஸ்டார் வார்ஸ் மூலம் உலகப் புகழ் பெற்ற நடிகர் அலெக் கின்னஸ்"னு ஒரு வரி. அந்த வரியோட விட்டிருந்தாகூட போகட்டும்னு மடிச்சு வெச்சிருப்பேன், பக்கத்துலயே ஒரு போட்டோ போட்டீங்களே, அது யுவான் மெக்ரெகர். 1999லேர்ந்து வந்த படங்கள்ல கின்னஸ் செஞ்ச அதே ஓபி-வான் கேரக்டரோட இளவயசு வேஷம் போட்டவர். தாடி இருக்கு, நீளமா ஒரு அங்கி இருக்கு, போதும்னு நினைச்சுட்டீங்க போல. என் பேரன் பாத்துட்டு "தாத்தா, இது வேற ஆளு"ன்னான், அவன் எட்டாவது படிக்கிறான்.

உங்களுக்குத் தெரியாததா என்ன, இருந்தாலும் சொல்றேன். ஸ்டார் வார்ஸ் வந்தது 1977ல. அப்ப கின்னஸுக்கு 63 வயசு. அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய் படத்துக்கு சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியாச்சு, 1959ல சர் பட்டம் வந்தாச்சு, 1964ல நியூயார்க் பிராட்வே நாடக மேடையில கவிஞர் டைலன் தாமஸா நடிச்சதுக்கு டோனி விருதும் வாங்கியாச்சு. இவ்வளவுக்கும் அப்புறம்தான் விண்வெளி ஏறினாரு, உங்க கணக்குப்படி அங்கதான் புகழ் பெற்றாராம்! அவருக்கே அந்தப் புகழ் ரசிக்கல. ஒரு சின்னப் பையன் ஸ்டார் வார்ஸை நூறு தடவைக்கு மேல பாத்துட்டேன்னு பெருமையா சொன்னப்ப, இனிமே பாக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுனு கேட்டு அழவெச்ச கதையை அவரே எழுதியிருக்காரு. அந்தப் படத்துல பங்கு வாங்கி நல்லா சம்பாதிச்சாரு, இல்லேங்கல, அது வேற விஷயம்.

சரி, இடம் பத்தலைன்னு சொல்வீங்க. ஆனா அவர் பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் எழுதுற இடம் காலியா இருந்துச்சுங்கறதை கட்டம் கட்டி, கலர் கொடுத்துப் போட இடம் இருந்துச்சே? அந்த நாலு இஞ்ச்ல அவரோட மேடையைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்க பத்திரிகைக்கு நாடகம்னாலே ஆகாது, அது எனக்குப் புதுசில்ல. நான் ரொம்ப காலம் சபா நாடகத்துல சின்னச் சின்ன வேஷம் போட்டவன், எங்க குழுவோட கடைசி நாடகம் நடந்தப்ப விமர்சனம் வேண்டாம், ஒரு அறிவிப்பாவது போடுங்கன்னு நேர்லயே வந்து கேட்டேன், பாக்கலாம்னு சொல்லி அனுப்பினீங்க. இன்னும் பாத்துட்டுதான் இருக்கீங்க.

மேடை இல்லேன்னா அந்த மனுஷன் சினிமாவுக்கே வந்திருக்க மாட்டாரு சார். 1934ல நடிகர் ஜான் கில்குட்டோட ஹாம்லெட் நாடகத்துல ஆஸ்ரிக்னு ஒரு சின்ன வேஷம், 1938ல லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்குல அவரே ஹாம்லெட். அடுத்த வருஷம் டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸை அவரே நாடகமா எழுதி அதுல ஹெர்பர்ட் பாக்கெட்டா நடிச்சாரு, அதைப் பாத்த டைரக்டர் டேவிட் லீன்தான் ரெண்டாவது உலகப் போரெல்லாம் முடிஞ்சதும் 1946ல அதே வேஷத்துக்குப் படத்துல கூப்பிட்டாரு. நடுவுல இவர் கடற்படையில, 1943ல சிசிலி படையெடுப்புல ஒரு படகுக்குத் தலைமை. அப்புறம் 1949ல ஒரே படத்துல எட்டு வேஷம், அதுல ஒண்ணு பெண் வேஷம். நம்ம சிவாஜியோட நவராத்திரி படம் வர்றதுக்கு பதினஞ்சு வருஷம் முன்னாடி! 1951ல மறுபடியும் ஹாம்லெட் போட்டு மண்ணைக் கவ்வினாரு, அதையாவது எழுதியிருக்கலாம், உங்களுக்கு அடுத்தவன் விழுந்த கதைன்னா பிடிக்குமே.

க்வாய் படத்தை நான் முதல்ல பாத்தது ரீ-ரிலீஸ்ல, எங்க அப்பாகூட. தகரக் கொட்டகை சிறையிலேர்ந்து வெளிய வந்து, கால் பின்ன, ஆனா முதுகு வளையாம அந்தக் கர்னல் வேஷத்துல கின்னஸ் நடந்து போவாரே, அந்த நடை போலியோ வந்து தேறின தன் மகன் நடந்ததை மனசுல வெச்சு நடந்ததுன்னு பின்னால படிச்சேன். அதுக்கப்புறம் அந்தக் காட்சியை சாதாரணமா பாக்க முடியல. ஷூட்டிங் நடந்தது எங்க? பக்கத்துல இலங்கையில, கித்துல்கலயில, களனி ஆத்துமேல நிஜமாவே பாலம் கட்டி வெடிச்சாங்க. ரெண்டாவது உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் போட்ட, படம் சொல்ற அந்த நிஜ சயாம் ரயில் பாதையில மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து கொண்டுபோன தமிழர்கள் கொத்துக்கொத்தா செத்தாங்க, அந்தப் படத்துல அவங்களுக்கு இடமில்ல. தமிழ்ப் பத்திரிகைக்கு எழுத இதைவிட வேற என்ன வேணும்?

நான் ஒண்ணும் அவர் பக்தன் இல்ல. 1984ல எ பாசேஜ் டு இந்தியாவுல மூஞ்சியில சாயம் பூசிக்கிட்டு இந்திய புரொபசர் காட்போலேவா வந்தாரே, அதைப் பாக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. அதை எழுதி நாலு வார்த்தை திட்டியிருந்தாகூட ஆசிரியர் படம் பாத்திருக்காருன்னு சந்தோஷப்பட்டிருப்பேன். 1979ல பிபிசி சீரியல்ல ஸ்மைலிங்கற உளவாளியா வந்து, பேசாம உக்காந்து கேட்டே எதிராளியை வேர்க்க வெச்சதெல்லாம் உங்க கட்டுரையில கிடையாது.

கேட்கிறது இவ்வளவுதான். அடுத்த இதழ்ல சரியான போட்டோவைப் போட்டு, கீழ சரியான பேரைப் போடுங்க. என் கடிதத்தை வழக்கம்போல மூணு வரியா வெட்டுறதா இருந்தா தாராளமா வெட்டுங்க, போட்டோ விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
திருச்சி