அத்தான், அட்கின்சனை விற்றுவிட்டேன்

அன்புள்ள அத்தான்,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாம் ஈரான்வரை ஓட்டிய அட்கின்சன் லாரி இனி நம்முடையது இல்லை. அக்கா மூலமாக உங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நேரில் வந்தால் யார் பேசுவார், யார் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஏன் என் பெயர் மட்டும் இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வண்டிக்கு அடியில் இருந்த பெட்டியில், எல்லைக் காவலர்களுக்கான சிகரெட்டைத் தவிர வேறு என்ன போய் வந்தது என்பதையும் எழுதமாட்டேன். அக்கா படிக்கிறார்.

போன மாதம் பழைய லாரிக்காரர்கள் கூடும் இடத்தில் நீங்கள் ஒரு சஞ்சிகைக்காரரிடம் பேசியதை எனக்கு ஒருவர் அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன். கிழக்குத் துருக்கியின் தாஹிர் கணவாயில் டீசல் உறைந்த இரவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள். அதில் என்னைத்தான் காணவில்லை.

1976 ஜனவரி. எர்சுரூமில் இருந்து ஹொராசானைத் தாண்டி ஏறத் தொடங்கியபோதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தார் போடாத பாதை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். ஒரு வளைவில் யாரோ ஒருவருடைய டிரெய்லர் குறுக்கே மடங்கி நின்றதால் வரிசை முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. இயந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நம்முடையது தானாகவே நின்றது. குளிரில் டீசலின் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொண்டது. தகர டின்னை வெட்டி, டீசலில் நனைத்த கந்தல் துணியைப் போட்டு, தொட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டினோம். எரிபொருள் தொட்டிக்கு அடியில் நெருப்பு! வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தாலே சத்தம் போடுகிற அம்மா அதைப் பார்த்திருந்தால் அன்றே உங்களை மருமகன் கணக்கிலிருந்து நீக்கியிருப்பார்.

நமக்கு முன்னால் ஒரு வால்வோ எஃப்88 லாரி நின்றது. உள்ளே ஹீட்டர், இருக்கைக்குப் பின்னால் படுக்கை. அந்த டச்சுக்காரர் இறங்கி வந்து, ஒருவருக்கு இடம் இருக்கிறது என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு தொட்டியைப் பார்த்தீர்கள். "வண்டிக்கு ஒருவர் வேண்டும், தம்பி" என்றீர்கள். போகிற போக்கில் உங்கள் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். பல வருடங்களாக அந்தக் கையுறையை நினைத்தே உங்களை மன்னித்துக்கொண்டிருந்தேன். அது எர்சுரூமில் நான் வாங்கி உங்களுக்குக் கொடுத்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விடியும்வரை கந்தலை எரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சஞ்சிகைக்காரரிடம் சொன்ன "இரவு முழுவதும் தூங்கவில்லை" என்பது என்னுடைய இரவு, அத்தான்.

சரி, அடுத்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் நம் கார்ட்னர் இயந்திரம் உறுமிக் கிளம்பியது. கணவாய்க்கு அப்பால் எலெஷ்கிர்த் பக்கம் நீங்கள் வண்டியை இறக்கிய விதம்! பிரேக்கைத் தொடவே பயப்பட வேண்டிய பனிச்சரிவில், தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் பிடியை மட்டும் நம்பி, ஒரு வார்த்தை பேசாமல் இறக்கினீர்கள். அன்று வேறு யார் ஓட்டியிருந்தாலும் இன்று இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் டிப்போவில் லேலண்ட் பஸ்களுக்கு அடியில் படுத்துக் கற்ற காது உங்களுடையது. இயந்திரத்தின் சத்தத்திலேயே பாரம் எங்கே சாய்கிறது என்று சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் அந்தப் பிடிவாதம் எதற்கு? பிரிட்டிஷ் வண்டிதான் வேண்டும் என்றீர்கள். 1964இல் பாப் பால், மைக்கேல் உட்மன் என்ற இருவர் 'கை வாரியர்' என்ற பிரிட்டிஷ் லாரியில் காபூல்வரை போனார்களே என்பீர்கள். போனார்கள், வணங்குகிறேன். 1973க்குப் பிறகு எண்ணெய்ப் பணம் பெருகி, ஈரானின் கோரம்ஷார் துறைமுகத்தில் கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தபோது, தெஹ்ரான் சரக்கு முழுவதும் சாலைக்கு வந்தது. அப்போது அந்தச் சாலையில் அதிகம் ஓடியவை எவை? வால்வோவும் ஸ்கானியாவும், இரண்டும் சுவீடன் வண்டிகள். இங்கிலாந்தின் சாண்ட்பாச்சில் ஈஆர்எஃப் என்ற லாரி நிறுவனத்தார் 335 குதிரைத்திறன் கம்மின்ஸ் இயந்திரம் வைத்து, இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஒரு நல்ல வண்டி செய்தார்கள், கொஞ்சம்தான் செய்தார்கள். நம் அட்கின்சன் போர்டரரோ 180 குதிரைத்திறன், படுக்கை இல்லாத கேபின். மான்செஸ்டரில் ஏற்றி லண்டனில் இறக்கிவிட்டு வீட்டில் போய்த் தூங்குகிறவனுக்காகச் செய்த வண்டி அது. இயந்திர மூடியின் மேல் பலகை போட்டுப் படுத்த என் முதுகு இன்றும் அதற்குச் சாட்சி சொல்லும். கார்ட்னர் டீசல் குறைவாகக் குடிக்கும், சாகாது, ஒப்புக்கொள்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் நேரத்துக்கு இயந்திரம் கொடுக்க கார்ட்னர் நிறுவனத்தாரால் முடியவில்லை. காத்திருந்து அலுத்தவர்கள் சுவீடன் வண்டிக்குப் போனார்கள். நீங்களும் ஓர் இரவு போனீர்கள்.

எழுதியது கடுமையாக இருக்கிறது. அழிக்கப்போவதில்லை.

விற்றதற்கு மன்னியுங்கள். கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. ஃபைபர் கேபினுக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துவிட்டது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது. வாடகை யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு விஷயம். 1979இல் ஈரானில் ஆட்சி கவிழ்ந்து, அடுத்த வருடம் போரும் மூண்ட பிறகு, அந்த வண்டிக்குப் போக ஊர் இல்லை. அப்போதே விற்றிருக்க வேண்டும் என்று அக்கா சொல்வார். அப்போது விற்றால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நான்தான் தடுத்தேன். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு எல்லையிலும் சுங்கக்காரர் முத்திரை குத்தும் சரக்குப் பத்திரமான டிஐஆர் கார்னெட்டின் அடிக்கட்டைகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். கபிகுலே, குர்புலாக், பசர்கான் எல்லைச் சாவடிகளின் முத்திரைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒரு முத்திரை விடுபட்டிருந்தால் முழுச் சரக்கின் சுங்கவரியும் நம் தலையில் விழுந்திருக்கும். ஒன்றுகூட விடுபடாமல் கணக்குப் பார்த்தவன் நான். பேட்டிகளில் அதற்கு இடமில்லை போலும்.

வாங்கியவர் இளைஞர், பொறுமைசாலி. பழைய நிறத்தையே அடிப்பதாகச் சொல்கிறார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். சின்க்ரோமெஷ் இல்லாத, அதாவது பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தாத, கியர் பெட்டியை அவர் தொட்டதே இல்லை. கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகம் பார்த்து கியர் மாற்றுவதை எனக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. தெரிந்த ஒருவர் வந்தாலும் வருவார் என்று மட்டும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வருவதானால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நான் வந்து கூட்டிப்போகிறேன். தாஹிர் பேச்சை எடுக்கமாட்டேன், நீங்களும் எடுக்காவிட்டால்.

இப்படிக்கு,
தம்பி