செல்போனைப் பிடுங்கி வைத்தால் தீருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டேட்டிங் செயலிகளால்தான் கல்லூரிப் பிள்ளைகளின் காதல் நிலைப்பதில்லை, பெற்றோர் செல்போனை வாங்கி வைக்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். பிள்ளைகள் நிறையப் பேர் மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போய்ப் படிக்கிறார்கள். எவ்வளவு தூரத்துக்குள் இருப்பவர்களைக் காட்ட வேண்டும் என்பதற்குச் செயலியில் நாற்பது கிலோமீட்டர் என்று வைத்தாலே இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் அதில் வந்துவிடுவார்கள்.

நெதர்லாந்தில் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களிடம் டிண்டர் என்ற டேட்டிங் செயலி பற்றிச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. உடல் சுகத்தைவிடக் காதலைத் தேடி வருவதே அதில் வலுவான காரணமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 2005 முதல் 2012 வரை திருமணம் செய்தவர்களை வைத்து நடந்த ஆய்வில், இணையம் வழியாகச் சந்தித்தவர்களிடம் பிரிவு சற்றுக் குறைவாகவே இருந்தது. திருமணம் வரை போனவர்களின் கணக்கு அது, நம் மாணவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் செயலியில் பழகினால் நிலைக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் எங்கே முறிகிறது என்று பார்த்திருக்கிறேன். செயலியில் தெரிவது பெயர், வயது, படம் போன்றவைதான். மாதக்கணக்கில் பேசிப் பழகி, வீட்டில் சொல்லலாமா என்று வரும்போதுதான் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற பேச்சே வருகிறது. பல ஜோடிகள் அதோடு சரி. பஸ்ஸில் பார்த்துக் காதலித்த பிள்ளைகளும் இதே இடத்தில்தான் பிரிந்தார்கள்.

டிண்டரில் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க அவர்கள் எண்களைத் தடுத்து வைக்கும் வசதி 2021-ல் வந்தது. என்னிடம் படித்த ஒரு பெண் முதல் வேலையாக மாமா, சித்தப்பா, பெரியம்மா மகன் என்று எல்லோர் எண்ணையும் அதில் போட்டாள். கோவைப் பையன் ஒருவனோடு பழக்கமாகி, அது முறிந்த பிறகு, பணம் தராவிட்டால் படங்களை உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று அவன் மிரட்டினான். தோழியைக் கூட்டிக்கொண்டு இங்கே ஒரு காவல் நிலையத்துக்குப் போனாள். "பையன் தமிழ்நாடு, அங்க போய்க் கொடும்மா" என்றார்கள். அங்கே போனால், "நீ கேரளா, உங்க ஊர்லயே கொடு." கடைசியில், அவள் முதலில் தடுத்து வைத்த மாமாவிடமே சொன்னாள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கூடவே வந்தார். அவர் வந்த பிறகுதான் புகாரை வாங்கினார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, பணம் பறிப்பது போன்ற குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு இல்லை. இது அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, கூட வந்த தோழிக்கும் தெரியவில்லை.

சரி, செல்போனைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பதறிப்போய் வீட்டில் முதலில் செய்வதே அந்த ஆளின் தொடர்பை வெட்டிச் செயலியை அழிப்பதுதான். டிண்டரில் தொடர்பை வெட்டிவிட்டால் பேசியதெல்லாம் திரையை விட்டுப் போய்விடும். மிரட்டலுக்கு இருந்த சாட்சியும் அதோடு போகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பணம் கைமாறியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இந்த விவரங்களை அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் நீங்கள் வெளியிட வேண்டும். எல்லையோரக் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்கள் சேரும் வாரத்திலேயே இதைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்