திருத்தத்துக்கு ஒரு கட்டம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தலையங்கத்தில், "செல்போனில் வருவதையெல்லாம் நம்பிவிடும் வாசகர்கள்தான் வதந்திக்குத் தீனி போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். 30 வருஷமாக உங்கள் பேப்பரை வாங்குகிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

நான் பெங்களூரு அல்சூர்க்காரி. 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம் நடந்த திங்கட்கிழமை. சாயங்காலம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே தீப்பிடித்த படங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தது உண்மைதான். ஆனால் அதோடு சேர்த்து, எங்கள் தெருவிலேயே தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு செய்தி ஓடியது. என் தங்கை சென்னையிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிறதே என்று இருட்டியதும் அவரே ரெண்டு பாக்கெட் பால் கொடுத்தனுப்பினார்.

தங்கையிடம் நான் சொன்னது இதுதான்: "காலையில் பேப்பர் வரட்டும்டி. அதில் இருந்தால்தான் நிஜம்."

காலையில் பேப்பர் வந்தது. உள்பக்கத்தில், எங்கள் தெருவில் வைத்ததாகச் சொன்ன அதே தீ. கடைசியில் 'கூறப்படுகிறது' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அன்றைக்கே கடிதம் போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

வதந்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலப் பிள்ளைகள், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற எஸ்எம்எஸ் புரளியில் மிரண்டு, சிட்டி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு நாளைக்கு 5 எஸ்எம்எஸ்தான் என்று அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது. சரி, அது செல்போன் குற்றம். புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று 2016 நவம்பரில் டிவி சேனல்களே காட்டினவே, அது யார் குற்றம்? ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டு அடையாளங்களில் சிப் என்ற பேச்சே கிடையாது. படித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

முன்பெல்லாம் சோமேஸ்வரர் கோயில் திருவிழாச் செய்திக்குக்கூட உங்கள் நிருபர் நேரில் வந்து விசாரித்துப் போவார். இப்போது பெங்களூருப் பக்கம் பாதியாகிவிட்டது. அந்தப் பாதியிலும் 'சமூக வலைதளங்களில் பரவும் வீடியோ'தான். எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, போலீஸிடம் கேட்டீர்களா, ஒன்றும் இருப்பதில்லை. அதைத்தான் காலையிலேயே என் பேரன் செல்போனில் காட்டிவிட்டானே. காசு கொடுத்து பேப்பர் வாங்குவது, யாரோ ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஐயா.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டாம் பக்கத்தில் திருத்தங்களுக்கென்று தினமும் ஒரே இடத்தில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். 2016-இல் வந்த அந்தப் பக்கத்தின் நகலையும், அன்று நான் எழுதிய கடிதத்தின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் திருத்தமாக அதையே போடலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
அல்சூர், பெங்களூரு